உருளையை எடைக்குப் போடலாமா?

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் பெரியப்பாவைக் காண்பது அரிதாகிவிடும். பெரியபாளையத்தில் பவானியம்மனுக்கு ஆடி ஞாயிறுகள். திருத்தணியில் ஆடிக் கிருத்திகை. இவற்றுக்கிடையே கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, ஊத்துக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் கூழ் வார்த்தலும் தீமிதியும். அம்மன் எழுந்தருளும் இடமெல்லாம் பெரியப்பாவின் சீரியல் செட்டும் எழுந்தருளும். மூங்கில் சாரம் கட்டி, முப்பதடி உயரத்தில் முருகனையும் மாரியையும் மின்விளக்குகளாலேயே வரைந்து நிறுத்துவார். மயில் தோகை விரிக்கும். வேல் பறந்துபோய்ச் சூரனைத் தைக்கும். அம்மன் தலைக்குப் பின்னே சக்கரம் சுழலும். இரண்டு மைல் தொலைவிலிருந்தே "அதோ, திருவிழா!" என்று குழந்தைகள் துள்ளுவார்கள்.

நம்மில் பெரும்பாலோர் இந்த மயிலைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம். ஆயினும் மயில் எப்படி ஆடுகிறது என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? சாரத்துக்குப் பின்னால், சாக்குப் படுதா மறைவில், ஒரு மரப்பெட்டிக்குள் 'கடகட'வென்று சுற்றிக்கொண்டிருக்கும் உருளை ஒன்று இருக்கிறது. மயிலின் உயிர் அதற்குள்தான் இருந்தது. 'இருந்தது' என்று நான் எழுதக் காரணம் உண்டு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக எல்.இ.டி. பலகைகளும் கைப்பிடி அளவுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் வந்து, உருளையைக் கொட்டகை மூலைக்குத் தள்ளிவிட்டன.

இந்தத் தை மாதத்தில் பழைய இரும்பு வாங்குபவர் எங்கள் தெருவுக்கு வந்தார். பெரியப்பா அந்த உருளையைத் தூக்கிக்கொண்டு வந்து தராசருகே வைத்தார். செம்புக்குத் தனி விலை, இரும்புச் சட்டத்துக்குத் தனி விலை, மரத்துக்கு விலையே இல்லை என்றார் வந்தவர். நான் குறுக்கே புகுந்து, "போடாதீங்க பெரியப்பா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வச்சிக்கினு இன்னாடா பண்ணப் போற? பூஜை போடப் போறியா?" என்றார்.

அன்று என்னிடம் பதில் இல்லை. உருளை மட்டும் தராசிலிருந்து திரும்பி வந்தது. அன்று சொல்லத் தெரியாத பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத முயல்கிறேன்.

உருளை என்னும் ஏடு

முதலில் அந்தப் பொருள் இன்னதென்று கூறிவிடுகிறேன். இரண்டடி நீளமுள்ள மர உருளை. அதன்மேல் செப்புத் தகட்டை வேண்டிய வடிவில் வெட்டிப் பதித்திருக்கிறார்கள். உருளையை ஒட்டி, விரல்களைப் போல, பதினாறு பித்தளைப் பட்டைகள் வரிசையாக உராய்ந்து நிற்கின்றன. ஓரத்திலுள்ள இன்னொரு பட்டை மின்சாரத்தைத் தகட்டுக்குக் கொடுக்கிறது; பதினாறு விரல்களும் பதினாறு விளக்குச் சரங்களுக்கு அதை எடுத்துச் செல்கின்றன. விரலின் கீழ்ச் செம்பு வந்தால் அச்சரம் எரியும். மரம் வந்தால் அணையும். ஒரு சிறு மோட்டார் உருளையைச் சுற்றுகிறது. தகட்டைச் சாய்வாக வெட்டினால் ஒளி ஓடும். பட்டை பட்டையாக வெட்டினால் சிமிட்டும். படிப்படியாக அகலப்படுத்தினால் தோகை விரியும்.

ஆக, மயிலின் ஆட்டம் முழுவதும் அந்தத் தகட்டின் வெட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஓலைச்சுவடியில் எழுத்தாணி எழுதியதைப்போல, தகடு வெட்டும் கத்தரி எழுதிய எழுத்து அது. 1804இல் பிரான்சு நாட்டு ஜக்கார்ட் என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பட்டுத் தறியில் பூ வேலையை நெய்ய வைத்தாரே, அதே கருத்துத்தான். அவர் நூலை ஆட்டுவித்தார். எங்கள் பெரியப்பா ஒளியை ஆட்டுவித்தார்.

'சீரியல்' என்ற பெயரிலேயே இயற்பியல் இருக்கிறது. ஆறு வோல்ட் குட்டி விளக்குகள் நாற்பதை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தால் 240 வோல்ட் தாங்கும். ஆகவே வீட்டு மின்சாரத்தில் நேரே மாட்டலாம். ஒரு விளக்கு போனால் நாற்பதும் அணைந்துவிடும். எது போனதென்று கண்டுபிடிக்கச் சரத்தை நடுவில் பாதியாக்கிச் சோதித்து, கெட்ட பாதியை மறுபடி பாதியாக்குவார் பெரியப்பா. ஆறு சோதனைக்குள் குற்றவாளி அகப்பட்டுவிடும். கணினி அறிவியல் வகுப்பில் நண்பன் ஒருவன் இதே முறையை 'இருமத் தேடல்' என்று படித்து வந்து எனக்குச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன்.

கடல் கடந்த ஒளிக்கூத்து

இனி, சற்றுத் தொலைவு போய் வருவோம். நம் ஊர்க் கொட்டகையில் நிற்கும் இப்பொருளுக்கு வெளிநாட்டில் உறவினர் உண்டு. அங்கே அவர்களுக்குக் கிடைத்த மதிப்பும் நம்மவருக்குக் கிடைக்காத மதிப்பும் ஒப்பிடத் தக்கவை.

இசைக்கேற்ப வண்ண ஒளியை ஆடவைக்க வேண்டும் என்ற ஆசை பழையது. 1725இலேயே காஸ்டெல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், கட்டையை அழுத்தினால் ஓசைக்குப் பதில் வண்ணம் தோன்றும் இசைக்கருவியைப் பற்றி எழுதினார். ருஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் தம் 'புரொமீதியஸ்' இசைப் படைப்பில் ஒளிக்கென்றே ஒரு தனி வரி எழுதி வைத்தார். அவர் இறந்த 1915ஆம் ஆண்டிலேதான் நியூயார்க்கில் அது வண்ண ஒளியுடன் அரங்கேறியது. 1922இல் தாமஸ் வில்பிரட் 'கிளாவிலக்ஸ்' என்ற தம் ஒளிக்கருவியை அதே நகரில் வாசித்துக் காட்டினார். ஓசையே இன்றி ஒளியை மட்டும் வாசித்தார்.

1960களில் இந்த ஆசை தெருவுக்கு வந்தது. 'சைக்கடெலிக்' என்று பெயரிட்டார்கள். கிரேக்க மொழியில் 'உள்ளத்தை வெளிப்படுத்துவது' என்று பொருள்படும் சொற்களிலிருந்து 1950களில் உருவாக்கிய சொல் அது. அதன் தொடக்கம் இரவு விடுதியில் அன்று, கல்லூரியில். 1952இல் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் ஓவியம் கற்பித்த சீமோர் லாக்ஸ் என்னும் பேராசிரியர், வகுப்பறைகளில் எழுத்தைத் திரையில் காட்டப் பயன்படும் தலைமேல் ஒளியெறிகருவியின் மீது கண்ணாடித் தட்டை வைத்து, அதில் வண்ண நீரை ஊற்றிக் கலக்கித் திரையில் காட்டினார். அது அவருடைய மாணவர் வழியே பரவியது. 1966, 67இல் லண்டன் 'யு.எஃப்.ஓ.' விடுதியில் மார்க் பாயில், ஜோன் ஹில்ஸ் இருவரும் இவ்வாறே கொதிக்கும் வண்ணத் திரவங்களைச் சுவரில் எறிந்தனர். 1968 முதல் நியூயார்க்கின் 'ஃபில்மோர் ஈஸ்ட்' அரங்கில் 'ஜோஷுவா லைட் ஷோ' குழு, பாடகர்களுக்குப் பின்னாலிருந்த பெருந்திரையில் எண்ணெயும் சாயமும் இசையோடு சேர்ந்து துடிக்குமாறு செய்தது.

தொடக்கத்தில் எல்லாம் கைவேலை. பிறகு மின்னணுவியல் வந்தது. 1957இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தைரிஸ்டரை அறிவித்தது. சில ஆண்டுகளில் அதன் தம்பியான டிரயாக்கும் வந்தது. அதுவரை விளக்கொளியைக் கூட்டிக் குறைக்கக் கனத்த கம்பிச் சுருள் மின்தடைகளோ பெரிய டிரான்ஸ்பார்மர்களோ வேண்டியிருந்தன. இனி நகத்தளவு சில்லு போதும் என்றாயிற்று. ஒலிப்பெருக்கியிலிருந்து வரும் இசையைத் தாழ்ந்த சுரம், நடுச் சுரம், உயர்ந்த சுரம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு டிரயாக்கின் வாயிலில் கொடுத்தால், மத்தள ஒலிக்குச் சிவப்பும் குரலுக்குப் பச்சையும் சதங்கைக்கு நீலமும் எரியும். இரண்டு ஸ்லைடு புரொஜெக்டர்களை வைத்து, ஒன்று மங்க மற்றொன்று ஒளிர்ந்து, படம் படத்துக்குள் கரையுமாறு செய்தார்கள். எப்போது கரைய வேண்டும் என்ற ஆணையை ஒலிநாடாவின் ஒரு தடத்திலேயே பதிந்து வைத்தார்கள். மேல்நாட்டு நடன விடுதிகளின் மாயம் முழுவதும் இவ்வளவே.

அந்தக் கலை ஓய்ந்தபின் அங்கே நடந்ததைக் கவனியுங்கள். 2005இல் லிவர்பூலின் டேட் கலைக்கூடமும் 2007இல் நியூயார்க்கின் விட்னி கலைக்கூடமும் அக்காலக் கலைக்கென்றே கண்காட்சி நடத்தின. நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் ஒரு மூக் சின்தசைசரை நிறுவினார். அதில் 1972 வரை நம்மவர் செய்த மின்னணு இசை நாடாக்கள் பல்லாண்டுகள் யாரும் கேளாமல் காப்பகத்தில் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து 2023இல் இசைத்தட்டாக வெளியிட்டனர். காரணம் எளிது: ஒரு கல்வி நிறுவனம் அவற்றை எறியாமல் வைத்திருந்தது. எங்கள் தெருவிலோ தராசு வந்து நிற்கிறது!

'லைட்' மியூசிக்

நம் பக்கத்து ஊர்களில் நடன விடுதி ஏது? ஆனால் அந்த ஒளி மட்டும் வந்து சேர்ந்தது; திரைப்படத்தின் வழியே வந்தது. 1980இல் 'கர்ஸ்', 1982இல் 'டிஸ்கோ டான்சர்', அதே ஆண்டில் தமிழில் 'சகலகலா வல்லவன்' என்று வரிசையாக வந்தன. ஒளி மின்னும் நடன அரங்கைக் கண்ட இளைஞர்கள், நம் ஊர் மெல்லிசைக் குழு மேடையிலும் அது வேண்டும் என்றனர். 'லைட் மியூசிக்' என்றால் லைட் போட்டு வாசிக்கும் மியூசிக் என்றே எங்கள் பாட்டி கடைசிவரை நம்பியிருந்தார். அவரைத் திருத்த எவருக்கும் மனம் வரவில்லை. மேடையைப் பார்த்தவர்களுக்கு அதுவே உண்மையாகவும் இருந்தது.

1978இல் பதினான்கு வயதில் இத்தொழிலுக்கு வந்த பெரியப்பா, எட்டாம் வகுப்போடு நின்றவர். மெல்லிசைக் குழுவினர் கேட்டதும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்து ஒலி-ஒளிப் பெட்டி கட்டினார். மின்னணுவியல் ஏட்டின் பக்கம் ஒன்றை யாரோ கிழித்துக் கொடுத்திருந்தார்கள், ஆங்கிலத்தில் இருந்தது. "எழுத்துத்தான் இங்கிலீஷு. படம் படந்தானே!" என்பார். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே 10 கிலோ ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் இருந்தன. நம் பாடநூல் வாய்பாட்டில் இட்டால் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 159 ஹெர்ட்ஸ் வருகிறது. அதற்குக் கீழே உள்ள ஓசைக்குச் சிவப்பு விளக்கு. இந்த அளவை எப்படித் தேர்ந்தீர்கள் என்று கேட்டேன். "பம்பைக்காரரை ஒக்கார வச்சி அடிக்கச் சொன்னேன். செவப்பு துள்ற வரைக்கும் மாத்தி மாத்திப் போட்டேன்" என்றார். செய்முறைத் தேர்வில் நான் வாய்பாட்டிலிருந்து மின்தேக்கிக்குப் போனேன். அவர் பம்பையிலிருந்து மின்தேக்கிக்குப் போனார். இருவரும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்ந்திருக்கிறோம்.

ஒலிபெருக்கிக்கும் விளக்கு மின்சாரத்துக்கும் நடுவே ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் பாடுபவர் கையிலுள்ள மைக்கிலேயே 230 வோல்ட் ஏறக்கூடும். இந்தப் பாடத்தை எப்படிக் கற்றார் என்று நான் கேட்கவில்லை. அவருடைய வலது கை ஆட்காட்டி விரலில் உள்ள வெள்ளைத் தழும்பே சொல்லிவிட்டது.

நாடக மேடைக்கு வேறோர் உத்தி வைத்திருந்தார்: ஊறுகாய் ஜாடியில் உப்புத் தண்ணீர்; அதில் இரண்டு தகடுகள். ஒன்று அடியில் கிடக்கும்; மற்றொன்று கயிற்றில் தொங்கும். தொங்கும் தகட்டை இறக்கினால் விளக்கு ஒளிரும், தூக்கினால் மங்கும். தகடுகளுக்கு நடுவேயுள்ள நீரே மின்தடை. மேடையில் அந்தி சாய்ந்து, இருள் கவிந்து, நிலவு எழுவதெல்லாம் ஒரு ஜாடிக்குள் நடந்தது. ஃபில்மோர் அரங்கில் வண்ண நீர் திரையில் தெரிந்தது; எங்கள் ஊரில் உப்பு நீர் திரைமறைவில் ஒளியை ஆண்டது. பார்ப்பவர் வாய் பிளந்தது இரண்டிடத்திலும் ஒன்றுதான்.

உருளைக்குப் பின்னால் 555, 4017 என்னும் ஐ.சி.க்கள் வந்தன. 555 என்பது 1972இல் வெளிவந்த காலக்கணிப்புச் சில்லு. துடிப்புகளை ஒழுங்காக விட்டுக்கொண்டே இருக்கும். 4017 அத்துடிப்புகளை எண்ணி, பத்துக் கால்களில் ஒவ்வொன்றாக மின்னழுத்தத்தை ஏற்றும். ஒவ்வொரு காலுக்கும் ஒரு டிரயாக். ஒவ்வொரு டிரயாக்கிலும் ஒரு விளக்குச் சரம். ஒளி ஓடும். ஒரு திருகைத் திருப்பினால் வேகம் மாறும். உருளைக் காலத்தில் வேகத்தை மாற்ற மோட்டாரின் கப்பியையே மாற்ற வேண்டும். சாமி புறப்பாட்டுப் பம்பைக்கு ஒரு கப்பி, தாலாட்டுக்கு ஒரு கப்பி என்று மூன்று கப்பிகள் பெரியப்பாவின் பையில் இன்னும் கிடக்கின்றன.

தொழிற்பேட்டையின் மூடிய பெட்டி

இதெல்லாம் பழங்கதைதானே, இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். இதில் நமக்குத்தான் எல்லாம் இருக்கிறது என்பேன்.

நம் கல்லூரியில் படிப்பவர் பலர் எங்கே வேலைக்குப் போகிறோம்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு, காக்களூர்த் தொழிற்பேட்டைக்கு. விடியற்காலை மின்ரயிலில் தொங்கிக்கொண்டும் நிறுவனப் பேருந்தில் தூங்கிக்கொண்டும் போகிறோம். இயற்பியல் பட்டம் பெற்ற அண்ணன் ஒருவர் உருக்காலை ஒன்றில் கட்டுப்பாட்டுப் பலகையின் முன் நிற்கிறார். பச்சை எரிந்தால் அமுக்கு. சிவப்பு எரிந்தால் மேலாளரைக் கூப்பிடு. பலகையின் கதவைத் திறக்க அவருக்கு அனுமதி இல்லை. திறந்தாலும் உள்ளே இருப்பது என்னவென்று தமக்குத் தெரியாது என்று அவரே என்னிடம் சொன்னார். மூன்றாண்டு மின்னியல் படித்தவர் அவர்!

அந்தக் கதவுக்குள் இருப்பது பெரும்பாலும் பி.எல்.சி. என்னும் நிரலேற்றக் கட்டுப்படுத்தி. 1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், தன் கார்த் தொழிற்சாலையின் ரிலேப் பெட்டிகளுக்கு மாற்று வேண்டும் என்று கேட்டது. அதற்கு விடையாக டிக் மார்லியின் குழு 'மோடிகான் 084' என்ற கருவியைச் செய்தது. ரிலேக் கம்பிகளைப் படித்துப் பழகிய மின்பணியாளர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே, அதன் நிரலை ஏணிப் படம் போல வரையும் முறை அமைந்தது. அதற்கும் முன்பு தொழிற்சாலைகளில் 'இதை முடித்து அதைச் செய்' என்ற வரிசையைக் காத்தது எது தெரியுமா? மோட்டாரால் சுழலும் உருளை! உருளையில் முளைகள், முளை இடித்தால் சுவிட்சு போடும். இன்றைய பி.எல்.சி.க்கள் பலவற்றில் 'டிரம்' என்ற பெயரிலேயே ஒரு கட்டளை உண்டு. டிரம் என்றால் உருளை. சுழலும் உருளை போய்விட்டது. பெயர் மட்டும் சில்லுக்குள் தங்கிவிட்டது.

நண்பர்களே, எங்கள் கொட்டகை மூலையில் கிடக்கும் உருளை, தொழிற்சாலைப் பலகைக்குள் இருப்பதன் மூத்த உடன்பிறப்பு. வேறுபாடு ஒன்றே: தொழிற்சாலையில் இருப்பது மூடியிருக்கிறது, திருவிழாவில் சுற்றியது திறந்திருக்கிறது. எதற்குப் பின் எது எரிகிறது, ஏன் எரிகிறது, மாற்ற வேண்டுமானால் எந்த இடத்தில் கத்தரி வைக்க வேண்டும் என்பதைக் கண்ணால் காணலாம், விரலால் தொடலாம். உருளையைப் புரிந்துகொண்டவன் பி.எல்.சி.யின் முன் மிரள மாட்டான். 'இதற்குள்ளும் ஒரு வரிசைதான் சுற்றுகிறது' என்று அவனுக்குத் தெரியும். நான் உருளையைக் காக்க விரும்புவது பழமைப் பற்றினால் அன்று. நாம் பொத்தான் அமுக்குபவர்களாகவே நின்றுவிடக் கூடாது என்ற கவலையினால்.

இன்றைய எல்.இ.டி. பெட்டியைப் பாருங்கள். எந்தெந்த ஆட்டம் வேண்டுமோ அவை முன்பே நிரப்பப்பட்டு வருகின்றன. கும்மிடிப்பூண்டித் தீமிதியிலும் கொல்லத்துத் திருவிழாவிலும் ஒரே மயில் ஒரே மாதிரி ஆடுகிறது. பெட்டி பழுதானால் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்க வேண்டும். எங்கள் பெரியப்பா ஒரு காலத்தில் மயிலைப் படைத்தவர். இன்று மயிலை வாடகைக்கு விடுபவர். வருமானம் குறையவில்லை என்றுதான் சொல்கிறார். ஆனால் திருவிழா முடிந்து வந்ததும், ஆட்டம் எப்படி இருந்தது என்று யாரிடமும் இப்போது அவர் கேட்பதில்லை.

மறுப்புகளும் விடைகளும்

இதற்கு மறுப்புகள் எழும், எழவும் வேண்டும்.

'சைக்கடெலிக் என்பது போதைப் பழக்கத்தோடு வந்த கூத்தன்றோ, அதைக் கல்லூரி மலரில் எழுதலாமா?' என்று கேட்கலாம். போதையோடு அது வந்தது உண்மை. பலரை அப்போதை அழித்ததும் உண்மை. ஆனால் டிரயாக் போதை அருந்தவில்லை. ஃபில்மோரில் ஆடிய அதே கருத்துத்தான் அம்மன் சன்னதித் தெருவிலும் ஆடியது. விளக்கு எந்த வாசலில் எரிகிறது என்பதை விளக்கு முடிவு செய்வதில்லை.

'எல்.இ.டி. மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறதே?' முழுக்க ஒப்புக்கொள்கிறேன். பெரியப்பாவின் பழைய சரம் ஒன்று ஏறத்தாழ 35 வாட் எடுத்தது. நூறு சரம் கட்டினால் 3500 வாட். எல்.இ.டி. அதில் சிறு பங்குதான் எடுக்கும். வீதியில் உருளை திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை.

'அந்தப் பழைய முறை ஆபத்தானதாயிற்றே?' இதுவே வலிமையான மறுப்பு. திறந்த செம்பில் 230 வோல்ட். காலடியில் ஆடி மழையின் ஈரம். மூங்கில் சாரத்தின் உச்சியில் மனிதன். உப்பு ஜாடியோ கையை நீட்டிக் காத்திருக்கும் எமன். இத்தொழிலில் விழா இரவுகளில் உயிர் விட்டவர்கள் உண்டு. பெரியப்பாவே, "என் தொழில்ல நான் பண்ண நல்ல காரியம், உன்ன அதுக்கு இழுக்காததுதான்" என்பார். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து மின்னழுத்தத்தில் இருக்கிறதேயன்றி அறிவில் இல்லை. 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கிவிட்டால் உருளை ஒரு குழந்தைக்கும் கற்பிக்கும்.

கேட்பது ஒரு வரி

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்ட நாளன்றோ அது! ஒளியைப் பற்றிய நாளில் ஒளியை ஆட்டிய உருளையைக் காட்டினால் என்ன என்று தோன்றியது. 12 வோல்ட் மின்கலம், பதினாறு எல்.இ.டி. துண்டுகள், நடுவே பெரியப்பாவின் உருளை என்று ஆய்வகத்தில் அமைத்தோம். பெரியப்பாவை அழைத்தேன். "காலேஜுல எனக்கு இன்னா வேல?" என்று மறுத்தவர், கடைசியில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரைத் தடுத்து உள்ளே அழைத்துச் சென்றோம்.

உருளை சுற்றியது. பதினாறு துண்டுகளில் ஒளி ஓடியது. எங்கள் பேராசிரியர் அருகில் வந்து, "இந்தத் தகட்டின் ஓரத்தை ஏன் சாய்வாகத் தேய்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பெரியப்பா முதலில் தயங்கினார். பிறகு சொன்னார்: "நேரா வெட்டுனா வெரலு மாட்டிக்கினு எகிறும் சார். எகிறுனா பொறி பறக்கும். பொறி பறந்தா செம்பு சீக்கிரம் தேஞ்சிடும். சாய்வா இருந்தா வெரலு வழுக்கிக்கினு எறங்கும்." பேராசிரியர் தலையசைத்துவிட்டு, மாணவர்களை அருகே அழைத்து, மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னார். பெரியப்பா மறுபடி சொன்னார். அம்முறை தயக்கம் இல்லை. அன்று மாலை வரை அவர் வீட்டுக்குப் போகவில்லை.

ஆகவே நம் கல்லூரியிடமும் பேராசிரியப் பெருமக்களிடமும் நண்பர்களிடமும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு மேசையை ஒதுக்குங்கள். உருளை, ஒலி-ஒளிப் பெட்டி, தண்ணீரில்லாத உப்பு ஜாடி ஆகிய மூன்றும் அங்கே இருக்கட்டும். 12 வோல்ட்டுக்கு மேல் எதற்கும் இணைப்பு வேண்டா. இரண்டாவது, ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர் இருவர் நம் மாவட்டத்து மின் அலங்காரக் கலைஞர் ஒருவரிடம் சென்று, அவருடைய இணைப்புப் படங்களையும் அவர் சொல்லும் காரணங்களையும் தமிழில் எழுதி வரட்டும். பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் திருத்தணியிலும் இத்தகையோர் இருக்கிறார்கள். ஆனால் வயது ஏறிக்கொண்டே போகிறது. மூன்றாவது, பி.எல்.சி. கற்பிக்கும் நாளில் முதல் அரைமணி நேரம் உருளையின் முன்னால் நடக்கட்டும்.

இவற்றுக்குப் பெரிய நிதி எதுவும் வேண்டியதில்லை. உருளை இப்போது ஆய்வகத்தின் சன்னலோரத்தில்தான் இருக்கிறது. பெரியப்பா அதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் இருப்புப் பதிவேட்டில் ஏறாத பொருள், அடுத்த முறை அறையைத் துப்புரவு செய்யும்போது பழைய இரும்போடு போய்விடும் என்பது நாம் எல்லாரும் அறிந்ததே. அந்தப் பதிவேட்டில் 'விளக்கு உருளை, 1' என்று ஒரு வரி ஏற வேண்டும்.

அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன். அது ஏறிவிட்டால், "வச்சிக்கினு இன்னாடா பண்ணப் போற?" என்ற கேள்விக்கு அதைக் காட்டியே என் பெரியப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுவேன்.